பதினான்காவது கிலோமீட்டரில் தூக்கிய கை

கண்ணாடிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஓட வேண்டிய ஓட்டத்தை வியாழக்கிழமையே ஓடி முடித்துவிட்டார். திருச்சபையின் மாத இதழில், ஏழாம் பக்கத்தில், புகைப்படத்தோடு. இருபத்தொரு கிலோமீட்டர், இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். பதினான்காவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, நோயாளிகள் இல்லத்தின் வாசலில் அவர் துவண்டு நின்றது, மாடி வராந்தாவிலிருந்து உடல்நலமில்லாத அண்ணன் கையைத் தூக்கிக் காட்டியது, உடனே கால்களில் புதுப் பலம் இறங்கியது, முடிவுக்கோட்டில் மனைவி கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னது, எல்லாம் அதில் இருந்தன. ஐம்பது பிரதிகளை இதழாசிரியரே கடைக்குக் கொண்டுவந்து, மூக்குக்கண்ணாடிப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வைத்துவிட்டுப் போனார்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, அதுதான் விசேஷம். அந்தச் சபையில் அது வழக்கம். இதழ் மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அச்சகமோ ஒரு வாரம் முன்னாலேயே எல்லாவற்றையும் கேட்கும். ஆகவே கடவுள் செய்த நன்மையைச் சொல்லும் 'சாட்சி'யில், நடக்கப்போவதை நடந்ததாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு 'விசுவாசத்தில் எழுதுவது' என்று பெயர். மகனுக்கு வேலை கிடைத்தது, மூட்டுவலி பறந்துபோனது, மருமகள் திருந்தியது எல்லாம் இப்படி முன்கூட்டியே அச்சேறும். பாதி நடக்கும். நடக்காத பாதியைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. ஒருமுறை தையற்காரம்மா ஒருவர் விசா கிடைத்ததற்கு நன்றி சொல்லி அரைப் பக்கம் எழுதினார். இதழ் வந்த அன்றே விசா இல்லையென்று கடிதமும் வந்தது. விசா அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு விசுவாசம் போதாது என்று இதழாசிரியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்த இதழாசிரியர் ஓய்வுபெற்ற தட்டச்சர். இதழ் அச்சுக்குப் போகும் முன் ஒருநாள் கண் பரிசோதனைக்கு என்று கடைக்கு வந்தவர், எழுத்துப் பலகையின் மூன்றாம் வரியில் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே பேச்சை ஆரம்பித்தார்.

"அடுத்த மாசம் ஆண்டுவிழா மலர். அறுபத்திநாலு பக்கம், அதுல நாப்பது பக்கம் பாஸ்டர் போட்டோ. உங்க சாட்சிக்கு இடமே இருக்காது. இந்த மாசமே குடுத்துடுங்க."

"இன்னும் நான் ஓடவே இல்லையே?"

"ஓடுவீங்கல்ல?"

"ஓடுவேன்."

"முடிப்பீங்கல்ல?"

"முடிப்பேன்னு நம்பிக்கை இருக்கு."

"அந்த நம்பிக்கையைத்தானே கேக்குறேன்! ஆனா சும்மா ஓடினேன், முடிச்சேன்னா யாரு படிப்பாங்க? நடுவுல ஒரு சோதனை வேணும். ஒரு விழுகை, ஒரு எழும்புதல். உங்க அண்ணன் அந்த இல்லத்துலதானே இருக்காரு? ரோடு அந்த வழியாத்தானே போகுது? அவரைக் கொண்டு வாங்க."

கண்ணாடிக்காரர் முதலில் நெளிந்தார். பிறகு மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எழுத உட்கார்ந்தார். எழுத எழுதக் கை வேகமெடுத்தது. அண்ணன் கையைத் தூக்கும் இடம் வந்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. தன் எழுத்துக்குத் தானே அழுபவனுக்கு வேறு சாட்சி எதற்கு?

ஓட்டம் எதற்கு என்றும் சொல்லிவிட வேண்டும். அந்த இல்லம் மாடிக் கட்டடம். இனிமேல் மருத்துவம் இல்லை என்று கைவிரிக்கப்பட்டவர்கள் இருக்கும் இடம். லிஃப்ட் கிடையாது. மாடியில் இருப்பவரைக் கீழே கொண்டுவர நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்க வேண்டும். லிஃப்டுக்கு என்று ஒரு குழி வெட்டி இரண்டு வருடமாகப் பலகை போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஞாயிறு ஆராதனையில் நேராகக் காணிக்கை கேட்டிருந்தால் இரண்டே வாரத்தில் லிஃப்ட் வந்திருக்கும். ஆனால் சும்மா கொடுத்தால் புகைப்படம் எப்படி வரும்? வெளியூர்ச் சபை ஒன்று நிதி திரட்ட ஓடியதைப் பாஸ்டர் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆகவே இந்தச் சபையும் ஓடித்தான் ஆக வேண்டும் என்றாயிற்று.

அண்ணன் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். "லிஃப்ட் வர்றதுக்குள்ள நான் மேல போயிடுவேன்" என்று சொல்லித் தாதிகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். அண்ணி போய் ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. ஐந்து மாதமாக அந்த இல்லத்தில் மாடி அறையில் படுக்கை. செவ்வாயும் சனியும் அவருக்குத் துவைத்த துணி கொண்டுபோவது கண்ணாடிக்காரரின் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. சுருக்கமாகப் பேசுவாள், ஆனால் பேச்சு எங்கே போய்த் தைக்க வேண்டுமோ அங்கே தைக்கும்.

"உங்க அண்ணன் திரும்பவும் கேட்டாரு. ஒரு மணி நேரம் வந்து உக்காரச் சொன்னாரு."

"அவருக்காகத்தானே தினமும் ஓடிட்டிருக்கேன்?"

"அவருக்காக ஓடுறீங்க, சரி. அவர்கிட்ட எப்போ ஓடப்போறீங்க?"

கண்ணாடிக்காரர் ஷூ கயிற்றை இறுக்கினார். ஐந்து மாதத்தில் அவர் ஒரே ஒரு தடவைதான் போயிருந்தார். பத்து நிமிடம், நின்றபடி. பழங்களை வைத்தார், கண்ணை மூடி ஜெபம் பண்ணினார், கண்ணைத் திறந்ததும் கிளம்பிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த ஓட்டப் பயிற்சி. ஓடிப் பழகும் பாதையும் அந்த வாசல் வழியாகத்தான் போகும். அந்த வாசலைத் தாண்டும்போது மட்டும் அவருடைய வேகம் கூடும். மற்றவர்கள் யாருக்கும் அது தெரியாது. கையில் கட்டியிருந்த கடிகாரம் மட்டும் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் வேகக் கோடு மேலே ஏறுவதைக் காட்டிக்கொடுத்தது. அது ஆவியானவரின் பலம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இதழ் வந்ததும் மனைவி ஏழாம் பக்கத்தை நின்றபடியே படித்தாள்.

"நான் எதுக்கு அழுவேனாம்?"

"சந்தோஷத்துல."

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு இதழை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழன் இரவு முதல் கண்ணாடிக்காரருக்கு ஒரே கவலை. இனி அந்த ஓட்டத்தை முடித்தே ஆக வேண்டும். ஞாயிறன்று அறுநூறு பேர் கைக்கு அச்சடித்த தாள் போய்விடும். விசா கிடைக்காவிட்டால் விசா அலுவலகத்தைக் குறை சொல்லலாம், தன் காலைத் தானே எப்படிக் குறை சொல்வது? முப்பது வருடமாக அவரிடம் பவர் பார்த்து, அவர் சொன்ன எண்ணை நம்பி மாட்டிக்கொண்டு போகிறவர்கள் அத்தனை பேரும் அந்தச் சபைக்காரர்கள். பொய் சொல்கிற ஆள் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் கடையும் போச்சு, பாடகர் குழுவில் இருக்கும் இடமும் போச்சு.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு முந்நூறு பேர் கூடினார்கள். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. முதுகில் ஒரு வசனம், அதற்குக் கீழே லிஃப்ட் கம்பெனியின் பெயர். எழுத்தின் அளவைக் கண் பரிசோதனைப் பலகைக் கணக்கில் சொன்னால் கம்பெனி முதல் வரி, வசனம் கடைசி வரி. பாஸ்டர் தொடக்க ஜெபத்தில் தட்பவெப்பத்திலிருந்து தசைநார் வரை ஒன்றையும் விடவில்லை. ஜெபம் பதினெட்டாவது நிமிடத்தைத் தொட்டபோது, சபைக்கு வெளியிலிருந்து வந்திருந்த ஓட்டக்காரர்கள் மெதுவாக நழுவி ஓட ஆரம்பித்துவிட்டார்கள். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது முன்வரிசையே காலி. பிறகு பாஸ்டரும் ஓடினார். புகைப்படக்காரர் நின்ற இடம் வரை நன்றாகவே ஓடினார். அதற்கு அப்பால் அவருடைய கார் நின்றது.

கண்ணாடிக்காரர் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடினார். ஐந்து கிலோமீட்டர், எட்டு, பத்து. ஒவ்வொரு மைல்கல்லிலும் அச்சில் இருந்ததோடு ஒப்பிட்டுக்கொண்டார். 'இதுவரைக்கும் எழுத்துப் பிசகவில்லை.' ஓட முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தது. அதற்கும் அவருக்கும் பன்னிரண்டு நிமிட இடைவெளி இருந்தது. அந்த வண்டி தாண்டிவிட்டால் ஓட்டம் கணக்கில் வராது. அவரைத் தாண்ட வழியே இல்லை.

பதினான்காவது கிலோமீட்டரில் இல்லம் வந்தது. பிடிக்க வேண்டிய கெண்டைக்கால் பிடிக்கவில்லை. கண்ணாடிக்காரருக்கு லேசாக ஏமாற்றமாகக்கூட இருந்தது. இருந்தாலும் எழுதினபடி நடக்க வேண்டுமே என்று வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, காலை நீவிவிட்டுக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார். பிறகு நிமிர்ந்து மாடி வராந்தாவைப் பார்த்தார்.

வராந்தாவில் நாலு படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆள் இல்லை.

அரை நிமிடம் நின்றார். ஒரு நிமிடம் நின்றார். வாசலில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த தாதியிடம், "அண்ணன் வெளிய வரலையா?" என்று கேட்டார்.

"எந்த அண்ணன் சார்?"

"மாடியில, லிஃப்ட் மெக்கானிக்."

"அவர் எங்க சார் வெளிய வர்றது? ரூம்லதான் இருக்காரு."

கண்ணாடிக்காரரின் மூளை அந்த இடத்தில்தான் அபாரமாக வேலை செய்தது. ஓட்டத்தை முடித்துவிடலாம், அதில் சந்தேகமில்லை. மனைவியை எப்படியாவது கெஞ்சி அழவைத்துவிடலாம். ஆனால் கை? அறுநூறு பேரும் வாசித்து உருகப்போவது அந்தக் கைக்குத்தானே? மாடிக்கு ஓடிப்போய் அண்ணனை ஒரே ஒரு தடவை கையைத் தூக்கச் சொன்னால் எழுதினது எல்லாம் உண்மையாகிவிடும். ஏற இரண்டு நிமிடம், தூக்க ஒரு நிமிடம், இறங்க இரண்டு நிமிடம். வண்டி வர இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அவர் உள்ளே ஓடினார்.

லிஃப்டுக்கு வெட்டிய குழியைத் தாண்டினால் மாடிப்படி. முப்பத்திரண்டு படி. பதினான்கு கிலோமீட்டரில் வராத பிடிப்பு இருபதாவது படியில் வந்து சேர்ந்தது. நொண்டிக்கொண்டே ஏறினார்.

அறையில் மருந்தும் வெந்நீரில் அலசிய துணியும் கலந்த வாடை. அண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தார். மடியில் இன்னொரு தலையணை, அதன்மேல் ஏழாம் பக்கம் விரிந்திருந்தது.

"வாங்க சாட்சிக்காரரே" என்றார் அண்ணன்.

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதழ் இங்கேயும் வந்திருக்கும் என்று நினைக்கவில்லை. அண்ணன் இவ்வளவு சிறியவராகியிருப்பார் என்றும் நினைக்கவில்லை. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. வராந்தாவுக்கு வந்து ஒரு தடவை கையைத் தூக்கிக் காட்டுங்க. நான் கீழ போய் நின்னுக்கறேன்."

"எந்தக் கையை?"

"வலது கையை."

"அது போய் மூணு வாரமாச்சுடா. நோய் தோளெலும்பு வரைக்கும் வந்துடுச்சு. தண்ணி டம்ளரையே நர்ஸுங்கதான் பிடிக்கறாங்க. உன் பொண்டாட்டி சொல்லலையா?"

சொன்னாள். ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது தோள்பட்டை என்று ஏதோ சொன்னாள். 'ம்' என்று சொல்லிவிட்டு ஓடப் போனது இப்போது நினைவுக்கு வந்தது. வெட்கப்பட வேண்டிய இடம் அதுதான். ஆனால் மனிதன் சுலபத்தில் வெட்கப்படுகிறானா?

"இடது கையாச்சும் தூக்குங்கண்ணே. எந்தக் கைன்னு நான் எழுதல."

அண்ணன் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, கண்ணில் தண்ணீர் வந்தும் நிற்கவில்லை. கண்ணாடிக்காரர் பயந்துபோய்த் தண்ணீரை எடுத்து வாயருகே பிடித்தார். பாதி உள்ளே போயிற்று, பாதி சட்டையில் வழிந்தது.

"எதுக்குடா இவ்வளவு அவசரம்?" என்றார் அண்ணன், மூச்சு வந்ததும். "நீதான் முடிச்சிட்டியே. ரெண்டு மணி அம்பத்திரண்டு நிமிஷம். அச்சுலயே வந்தாச்சு. முடிச்சவன் எதுக்குத் திரும்பவும் ஓடணும்? உக்காரு."

தெருமுனையில் வண்டியின் பாட்டுச் சத்தம் கேட்டது. இப்போது இறங்கினால்கூடப் பிடித்துவிடலாம். கண்ணாடிக்காரர் கதவுப் பக்கம் ஒரு அடி வைத்தார்.

அண்ணனின் மூக்குக்கண்ணாடி இருமலில் நழுவி இதழின் மேல் விழுந்து கிடந்தது. கண்ணாடிக்காரர் கடையின் பிரேம், அவரே போன வருடம் அளவெடுத்துப் போட்டது. காதில் மாட்டும் கம்பி இரண்டிலும் பஞ்சு சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. முகம் வற்றிப்போனதால் கண்ணாடி நிற்கவில்லை. யாரோ ஒரு தாதி தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் கண்ணாடி சரிசெய்கிறவனின் அண்ணன் இதைத்தான் இத்தனை நாள் மாட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்காரரின் கை தானாக நீண்டது. பிளாஸ்திரியை உரித்தார். பஞ்சை எடுத்தார். கம்பியின் நுனியை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி, கட்டைவிரலால் மெதுவாக வளைத்தார். அண்ணனின் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். அங்கே எலும்பு கூராக இருந்தது. தோல் காகிதம் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்சம் வளைத்தார். பாட்டுச் சத்தம் வாசலுக்கு நேரே வந்தது. வலது பக்கம் முடிந்திருந்தது, இடது பக்கம் பாக்கி. அவர் இடது பக்கத்தை எடுத்துச் சூடேற்ற ஆரம்பித்தார். பாட்டு வாசலைத் தாண்டிப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் இடுப்புப் பையில் இருந்த போன் அடித்தது. இதழாசிரியர்.

"எங்க இருக்கீங்க? இதழ் குடுத்து முடிச்சாச்சு. பாதிப் பேர் இப்பவே அழறாங்க. பாஸ்டர் மைக்கைப் பிடிச்சிட்டு நிக்கிறாரு."

"நான் முடிக்கல. அண்ணன்கூட இருக்கேன். அதையே மைக்ல சொல்லிடுங்க."

"முடிக்கலைன்னா என்ன, பதினாலு வரைக்கும் ஓடினீங்கல்ல? மிச்சம் ஏழுதானே? அதை விசுவாசத்துல வச்சுக்கலாம். மெடல் எடுத்து வச்சிருக்கேன், ஆட்டோ பிடிச்சு வாங்க."

"வேண்டாம். அடுத்த இதழ்ல திருத்தம் போடுங்க."

"திருத்தமா?" இதழாசிரியரின் குரல் முதல்முறையாகக் கலங்கியது. "இருபத்திரண்டு வருஷத்துல நம்ம இதழ் ஒரு திருத்தம் போட்டதில்ல தெரியுமா? ஒண்ணு போட்டா பழசையெல்லாம் கேப்பாங்களே!"

போன் கைமாறியது. இப்போது மனைவி. "எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அண்ணன் ரூம்ல."

"நிஜமாவா?"

"நிஜமா. கண்ணாடி சரிபண்ணிட்டு இருக்கேன்."

மறுபக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, உக்காருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அண்ணன் புதிதாக நின்ற கண்ணாடி வழியாக ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"நல்லாத் தெரியுதாண்ணே?"

"தெரியுது. நீ இளைச்சுப் போயிட்டே." சற்றுக் கழித்து, "செவ்வாக்கிழமை கடை லீவுதானே? வருவியா?" என்றார்.

"வர்றேண்ணே."

"விசுவாசத்துல வந்துடாதே. நேர்ல வா."

கண்ணாடிக்காரர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. ஐந்து மாதமாகத் தெருத்தெருவாக ஓடி எதைத் தள்ளிப்போட்டாரோ அது அந்தச் சின்ன அறையில் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. காய்ந்த உதடு, எலும்பு தெரியும் காது, தூக்க முடியாத கை. இந்த அண்ணன் போய்விடுவார். அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் ஓடினார். பக்தியாவது மண்ணாவது.

"என்னடா," என்றார் அண்ணன், "பயமா இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "ஆமாண்ணே. ரொம்பப் பயமா இருக்கு. அதனாலதான் நான் வரல."

"எனக்கும்தான்டா" என்றார் அண்ணன். "அதுக்குத்தான் உன்னை வரச் சொன்னேன்."

கண்ணாடிக்காரர் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணனின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கனமே இல்லை. வெட்கத்தை விட்டு அழுதார்.